கொண்டைக்காரி எந்த மலை?

எய்யா, நீ வரைந்த பலகையின் படம் என் போனுக்கு வந்து சேர்ந்தது. உன் மாமனார் ஊரில், ஆற்றங்கரைப் பூங்காவில் அதை நிறுத்தப்போவதாக எழுதியிருந்தாய். வரிசையாக மலைகள், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு பெயர், நடுவில் எல்லாவற்றையும்விட உயரமாக அந்தச் சிகரம். அதன் மேல் கொட்டை எழுத்தில் 'மிளாமொட்டை'. கீழே கொஞ்சம் சிறிதாக 'மூடாக்கு மலை'. அதற்கும் கீழே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர். பலகையின் வலது மூலையில், எந்த மலையின் தலையிலும் ஒட்டாமல், பென்சிலால் 'கொண்டைக்காரி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தாய். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்துக்கொண்டே காலைக் காப்பியை ஆறவிட்டேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான போட்டிருக்கான், நீ ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருக்க?" என்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவருக்குப் பெட்டி பத்திரமாக இறங்கினால் போதும். எந்த மூலையில் இறங்கியது என்பதெல்லாம் அவர் கவலை இல்லை.

இதை உனக்கு அனுப்பியதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நம் மாதா கோயில் பங்கு மலரிலும் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். உன் மாமனார் தன் மலையை ஊர் பார்க்கப் பலகையில் வைக்கிறார். நானும் ஊர் பார்க்கவே எழுதுகிறேன். பொறாமை என்று நீ சொல்வாய். ஆமாம், பொறாமைதான். நல்ல சுத்தமான பொறாமை, கலப்படம் இல்லாதது. பிள்ளையைக் கட்டிக்கொடுத்த எல்லாத் தாய்மாருக்கும் அது வரும், யாரும் சொல்வதில்லை. ஆண்பிள்ளையைக் கட்டிக்கொடுப்பது என்று யாரும் சொல்வதில்லைதான். நீ வேலை கிடைத்த ஊரிலேயே பெண் பார்த்து, அவர்கள் வீட்டு மாடியிலேயே குடியேறிய பிறகு வேறு என்ன வார்த்தை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மருமகள் ஜெனிக்கு வளையல் போட நாங்கள் வந்திருந்த அன்று சாயங்காலம் நடந்ததை நினைத்துப் பார். உன் மாமனார் எங்களை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனார். மழை விட்ட வானம். மேற்கே மலைகள் கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி துலக்கமாக நின்றன. அவர் குடையை நீட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். அணைக்கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவருக்கு மலைகள் அடுத்த தெருக்காரர்கள் மாதிரி. "அந்தா நடுவுல நிக்கில்லா மதினி, அதுதான் மிளாமொட்டை. உச்சில மரமே கிடையாது, வெறும் புல்லு. மிளாமான் வந்து மேயும். கீழ வயக்காட்டுக்காரங்க மூடாக்கு மலைன்னு சொல்லுவாக. மேகம் அதத் தலையோட மூடிட்டா அன்னைக்கே ஆத்துல தண்ணி வந்திரும். நாங்க மதகுக்கு ஆள் அனுப்பிருவோம்." பிறகு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கதை. அவர் தன் மகளின் பெயரை அந்தச் சிகரத்துக்கு வைத்தாராம். தோட்டத்துப் பழைய படங்களில் அந்தப் பெயர்தானாம். ஒரு தகப்பன் மகளுக்கு ஒரு மலையையே எழுதிவைத்திருக்கிறான்! முகம் தெரியாத அந்தப் பெண்மீதுகூட எனக்கு அன்றைக்குப் பொறாமை வந்தது. சர்வேக்காரர்கள் மட்டும்தான் நியாயமாக நடந்திருக்கிறார்கள் என்று பட்டது. அவர்கள் எந்தப் பெயரும் போடாமல் உயரத்தை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாய். நடுநடுவே அவர் விட்ட இடத்தை எடுத்துக் கொடுத்தாய். "எங்க மலையில தென்மேற்குப் பருவம் முதல்ல படுறது அங்கதாம்மா" என்றாய். எங்க மலை. அப்போதுதான் கேட்டேன்: "இதுல கொண்டைக்காரி எது அண்ணாச்சி?"

"அது யாரு மதினி, உங்க ஊர்ல மீன் விக்கிறவுகளா?" என்றார் உன் மாமனார். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மனுஷர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஜெனி சிரிக்கவில்லை, வளையல் குலுங்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள், அதைக் கவனித்தேன். நீயும் சிரிக்கவில்லை. நீ அதைவிட மோசமாக ஒன்று செய்தாய். குரலைத் தாழ்த்தி, ஆஸ்பத்திரியில் பேசுவது மாதிரி, "நான் எல்லா இடத்துலயும் நின்னு பாத்துட்டேம்மா. அப்படி ஒரு மலையே இல்ல" என்றாய்.

கொண்டைக்காரியை உனக்குக் காட்டியவள் நான். எனக்கு வாயால் சொல்லிக் காட்டியவர் என் அப்பா, கடலுக்குக் கூட்டிப்போனதில்லை. அவர் சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு நின்று போன பிறகும் முத்தும் சங்கும் விளையும் பார்கள் கடலுக்கடியில் அங்கேயேதான் இருந்தன. அந்தக் கல்தரைகளில் ஒன்றை எங்கள் வீட்டு ஆட்கள் தலைமுறையாக அறிவார்கள். கடலில் சாலையும் கிடையாது, மைல்கல்லும் கிடையாது. தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஓர் இடத்தைத் தண்ணீருக்கு மேலே நின்று கண்டுபிடிக்க வேண்டுமானால் கரையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கோயில் கோபுரம், பனங்கூட்டம், அவற்றுக்குப் பின்னால் வெகுதூரத்தில் மலை. எங்கள் வீட்டு மலை கொண்டைக்காரி. கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் தலை, அதன் உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை. "கொண்ட உக்காந்துட்டுன்னா நங்கூரத்தப் போடு" என்பார் அப்பா. அவர் வள்ளத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கரையில் அந்தப் பெயரைச் சொல்லவே கூடாது. பக்கத்து வள்ளத்துக்காரர் காதில் விழுந்தால் மறுநாள் நம் பாரில் அவர் நங்கூரம் கிடக்கும். அதனால் வீட்டுக்குள்ளும் மெதுவாகத்தான் சொல்வோம், வயதுக்கு வந்த பெண்ணைப் பற்றிப் பேசுவது மாதிரி.

நான் புத்தகப்புழு என்று உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூட அட்லஸ் முதன்முதலாக என் கைக்கு வந்தபோது, மேற்குத்தொடர்ச்சி மலையின் பழுப்பு நிறத்தில் கொண்டைக்காரியை விரலால் தேடினேன். இல்லை. வகுப்பில் எழுந்து கேட்டும்விட்டேன். நாசரேத்திலிருந்து வந்த எங்கள் டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "அது யாரும்மா?" என்றார். வகுப்பே சிரித்தது. பார், அதே கேள்வி, அதே சிரிப்பு. நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்கு நான் அழுதது பெரிதாகப் படவில்லை. "ஏளா, வகுப்புல வெச்சா அந்தப் பேரச் சொன்ன? அந்த வகுப்புல எத்தன வள்ளத்துக்காரன் பிள்ள இருக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அட்லசைப் புரட்டிப் பார்த்தார். "இதுல இல்லைன்னா நல்லதுதான். எல்லாருக்கும் வித்திருப்பானுவ" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்துப் போயிற்று. உலகத்தில் யாரிடமும் இல்லாத ஒரு மலை எங்கள் வீட்டில் இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் நான் வளர்ந்தேன். பட்டுப்பாவாடை வைத்திருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கூட நான் ஏங்கியதில்லை.

உனக்கு அதைக் கொடுத்தபோது நீ ஒன்றாம் வகுப்பு. மாமாவோடு உன்னைக் கடலுக்கு அனுப்ப எனக்குப் பயம். அதனால் மழை விட்ட காலைகளில் கடற்கரைக்குக் கூட்டிப்போய், மேற்கே கட்டடங்களுக்கு மேலே கிடைத்த இடைவெளியில் நீலமாக ஏதாவது தெரிந்தால் அதுதான் என்று காட்டுவேன். நீ ஓவியப் போட்டியில் கொண்டைக்காரியை வரைந்தாய். கொண்டையில் கனகாம்பரம் வைத்திருந்தாய். புவியியல் படிக்கிறேன் என்று நீ சொன்னபோது உன் அப்பா "அதப் படிச்சு என்னலே செய்யப் போற, மழைய நிறுத்தப் போறியா?" என்றார். எனக்கு மட்டும் ஏன் என்று தெரியும். இப்போது உன் மாமனார் கல்யாண வீடுகளில், "மாப்பிள்ளைக்கு மலையெல்லாம் நான்தான் காட்டிக்கொடுத்தேன்" என்று சொல்லுகிறார். சொல்லட்டும். அவர் காட்டிய மலைகள் இருக்கின்றன, நான் காட்டிய மலை இல்லை என்றால் நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அதனால்தான் ஊருக்குத் திரும்பிய மறுநாளே உனக்குப் போன் செய்து சண்டை போட்டேன். அன்று மாடியில் நீங்கள் பேசிக்கொண்டிருந்த பலகையில் வெள்ளைக்காரத் துரையின் மகளுக்கு இடம் இருக்கிறது, என் அப்பாவின் வாயில் இருந்த பெயருக்கு இடம் இல்லையா என்று கேட்டேன். "சரிம்மா, ஒரு மூலைல போட்டுருதேன். அடுத்த வாரம் பெயின்ட்டர் வாரான்" என்றாய். நான் ஜெயித்துவிட்டேன் என்று போனை வைத்தேன். படம் வந்த பிறகுதான் புரிந்தது, அது ஜெயிப்பு இல்லை, பிச்சை. அந்தக் கேள்விக்குறியோடு பெயின்ட்டர் அதை எழுதுவதற்குள் கொண்டைக்காரி எந்த மலை என்று நான் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன். வயதான காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வீம்பு. ஆனால் அந்த வீம்பு இல்லாவிட்டால் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கியிருக்காது.

நேரே உன் மாமாவிடம் போனேன். என் தம்பிதான் இப்போது அப்பாவின் தொழிலில் இருக்கிறான், வள்ளத்துக்குப் பதில் பைபர் படகு. என்னைக் கடலுக்குக் கூட்டிப்போ என்றதும் வலையைக் கீழே போட்டுவிட்டான். "பொம்பளைய ஏத்துனா மீன் பாடு படாதுன்னு கரையில சொல்லுவானுவக்கா."

"நான் பொம்பளையால? உங்கக்காலே நானு."

"அது இன்னும் மோசம். பொம்பளைன்னா மீன் மட்டுந்தான் ஓடும். நீ ஏறினா நானே ஓடிருவேன்."

இருந்தாலும் கூட்டிப்போனான். முதல் நாள் சாயங்காலம் நல்ல மழை. விடியும்போது வானம் துடைத்துவைத்தது மாதிரி இருந்தது. உன் அப்பா லைப் ஜாக்கெட்டை எங்கிருந்தோ இரவல் வாங்கிவந்து என்னை அதற்குள் திணித்தார், மூட்டை கட்டுவது மாதிரி. படகு போகப் போக ஊர் சிறுத்தது. உப்பளங்கள் வெள்ளைக் கோடாக ஆயின, துறைமுகத்துக் கிரேன்கள் கொக்குகள் மாதிரி ஒற்றைக் காலில் நின்றன. எங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் ஏற, அந்த வெளிச்சம் நேராகப் போய் மேற்கே விழுந்தது. தம்பி எதுவும் சொல்லாமல் தாடையால் காட்டினான்.

அங்கே அவள் இருந்தாள். எய்யா, சாம்பல் நிறத்தில் ஒரு தலை, அதன் பக்கத்தில் நீலமாக ஒரு கொண்டை. பக்கத்தில் என்று எழுதியிருக்கிறேன், கவனி. கொண்டை தலையின் மேல் இல்லை. தோளில் சரிந்து கிடந்தது, தூங்கி எழுந்தவளுக்கு அவிழ்ந்து கிடப்பது மாதிரி. "என்னலே இது, கொண்ட கீழ கெடக்கு?" என்றேன். "பொறுக்கா" என்று சொல்லிவிட்டுப் படகை வடக்கே திருப்பினான். நான் கண்ணை எடுக்கவில்லை. கொண்டை நகர்ந்தது. மெதுவாக, யாரோ பின்னாலிருந்து கையால் தள்ளிவைப்பது மாதிரி, தோளிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து காதுக்கு, காதிலிருந்து உச்சிக்கு ஏறியது. ஏறி உட்கார்ந்தது. தம்பி இன்ஜினை நிறுத்தினான்.

சத்தம் நின்றதும் எனக்கு அது விளங்கிவிட்டது. ஒரே உடம்பில் இருக்கிற கொண்டை இப்படி நகராது. தலை வேறு, கொண்டை வேறு. முன்னால் ஒன்று நிற்கிறது, அதற்கு வெகுதூரம் பின்னால் இன்னொன்று நிற்கிறது. நாம் நகரும்போது முன்னால் இருப்பது வேகமாக நகரும், பின்னால் இருப்பது கூடவே வரும். ரயில் ஜன்னலில் உட்கார்ந்து உனக்கு நானே சொல்லிக்கொடுத்த விஷயம்.

"தலை எது?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"நம்ம கரடுதான். திருநவேலி ரோட்டுல, பஸ்ல போகயில வலது பக்கம் வருமே, கல்லு உடைக்கிறானுவளே, அது."

"கொண்டை?"

"உன் சம்பந்தக்காரரு மலை." சொல்லிவிட்டுச் சிரித்தான். "போன்ல மேப்பு வந்தப்பவே பாத்துட்டேன். நம்ம பாருலருந்து கரடு வழியா கோடு போட்டா நேராப் போயி அங்கன முட்டுது."

"எங்கிட்ட ஏம்ல சொல்லல?"

"நீ கேட்டியா? நம்ம வீட்ல கேக்காதவுகளுக்கு எதச் சொல்லியிருக்கு?"

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்தக் கரடு! முள்ளும் பாறையுமாய், மலை என்று சொல்லக்கூட யாரும் மெனக்கெடாத கரடு. உன்னைப் பார்க்க வரும் ஒவ்வொரு முறையும் அதன் காலடியில்தான் பஸ் போகிறது. ஒருமுறைகூட நான் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. அதைத் தாண்டினால் இன்னும் எவ்வளவு நேரத்தில் உன் ஊர் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அப்பாவும் அதன் காலடியில் எத்தனையோ முறை போயிருப்பார். ஆனால் தலை ஒரு மலை, கொண்டை ஒரு மலை என்று சாகும்வரை அவர் என்னிடம் சொன்னதில்லை. கரையிலேயே நின்று ஒரே முகமாகக் கேட்டு வளர்ந்த எனக்கு, அவள் இரண்டாய் இருக்கலாம் என்று தோன்ற வழியில்லை.

ஆக, நீ சொன்னது சரி. அப்படி ஒரு மலையே இல்லை. உன் மாமனார் மாடியில் நின்று பார்த்தால் கரடு நம் முதுகுக்குப் பின்னால் போய்விடும், மிளாமொட்டை மட்டும் முன்னால் நிற்கும். எந்த ஊரில் எந்த மாடியில் ஏறினாலும் கொண்டைக்காரி கிடையாது. அவள் இருப்பது கடலில் ஒரே கோட்டின் மேல், எங்கள் பாரின் மேல் மட்டும். அவளுடைய பெயர் மலையின் பெயராகவே இருந்ததில்லை. நாங்கள் நங்கூரம் போடும் இடத்தின் பெயர் அது. (கோடு ஒன்றைத்தான் எழுதியிருக்கிறேன். அந்தக் கோட்டில் எந்த இடம் என்பதற்கு இன்னொரு அடையாளம் வேண்டும். அதைப் பங்கு மலரில் எழுதினால் உன் மாமா என்னைக் கடலில் தள்ளிவிடுவான்.)

அதனால் பலகையில் கொண்டைக்காரி வேண்டாம். மூலையிலும் வேண்டாம், நடுவிலும் வேண்டாம். பெயின்ட்டர் வருவதற்கு முன்னால் அந்தப் பென்சில் எழுத்தைக் கேள்விக்குறியோடு சேர்த்து அழித்துவிடு. அங்கே நின்று பார்க்கிறவர்களுக்கு அவள் தெரியமாட்டாள். தெரியாத ஒன்றின் பெயரை எழுதிவைத்தால் பார்க்கிறவன் தேடிவிட்டுச் சிரிப்பான். போதும், இரண்டு முறை சிரித்தாகிவிட்டது. பெருந்தன்மையில் விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்துவிடாதே. கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். மிளாமொட்டையில் அவர்களுக்கு மிளா இருக்கிறது, மேகம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, துரையின் மகள் இருக்கிறாள், இப்போது நீயும் இருக்கிறாய். இது ஒன்று எங்களிடம் இருக்கட்டும்.

கல்யாணமான பிள்ளைக்குப் புத்தி சொல்லாமல் ஒரு தாய் கடிதத்தை முடிக்கக் கூடாதாம், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். மாமனார் வீட்டில் இருப்பவன் 'எங்க' என்றுதான் சொல்ல வேண்டும், சொல். 'உங்க' என்று சொன்னால் ஜெனிக்கு வலிக்கும். என் காது கேட்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல், போதும். யாராவது ஒரு பெயரைக் கேட்டு அது உன் படத்தில் இல்லை என்றால், இல்லை என்று சொல்வதற்கு முன்னால் அவர்கள் எங்கே நின்று பார்த்தார்கள் என்று கேள். என்னிடம் நீ அதைக் கேட்கவில்லை. நான் எங்கே நின்றேன் என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாய். எனக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. நீ கேட்டிருந்தால் இருவரும் சேர்ந்து போயிருப்போம். நான் உன்னோடு பார்த்திருக்க வேண்டியதை உன் மாமாவோடு பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இதைக் கேட்டு உனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தால் எனக்குச் சந்தோஷம்.

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது முறை, அதில் நான் வாய் திறக்கவில்லை. குழந்தை முதலில் பார்க்கப்போகிற மலை மிளாமொட்டைதான், அதையும் விழுங்கிக்கொள்கிறேன். ஆனால் ஜெனி உடம்பு தேறி, குழந்தைக்குக் கழுத்து நின்று, கடல் அடங்கியிருக்கிற ஒரு மழைவிட்ட காலையில் எல்லாரும் இங்கே வாருங்கள். குழந்தையை உன் அப்பா வைத்துக்கொள்வார், கரையில். ஜெனியைப் படகில் என் பக்கத்தில் உட்காரவைப்பேன். அன்றைக்கு அவள் சிரிக்காமல் இருந்ததற்கு என்னிடம் கொடுக்க வேறு எதுவும் இல்லை. நீ பின்னால் உட்கார். எதுவும் விளக்கக் கூடாது. கொண்டை தோளிலிருந்து கிளம்பி உச்சிக்குப் போகும்வரை ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது.

உன் மாமனாரையும் கட்டாயம் கூட்டிவா. குடையையும் கொண்டுவரச் சொல். கொண்டை உட்கார்ந்து தம்பி இன்ஜினை நிறுத்தியதும், அவர் அந்தக் குடையை நீட்டி, "அந்தா பாருங்க மதினி, எங்க மலை" என்று சொல்லாமல் இருக்க மாட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

"ஆமா அண்ணாச்சி," என்பேன். "கொண்ட மட்டும்."

இப்படிக்கு,
உன் அம்மா